ஆய்வுக்கூட வாசல்வரை
(ஆரணிக் கூட்டத்தில் பேசியது)



தறிக்குழியில் உழைத்த அப்பாவின் மகள் நான். பக்கத்து வேலூரில், சி.எம்.சி. மருத்துவர் ககன்தீப் காங் குழுவினர், குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை கண்காணித்தார்கள். வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் அவர்களுக்குத் திரும்பத் திரும்பத் தொற்றியதைக் கண்டறிந்தார்கள். 2019இல் காங் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். பாராட்டுவோம்.

என் கேள்வி இதுதான்: அந்தக் குடிசையிலிருந்தே ஓர் ஆய்வாளர் வர வழி உண்டா? எம்.பி.பி.எஸ்., எம்.டி., பிஎச்.டி. என்று பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் நீளும் பாதை அது. நிலையான சம்பளமின்றி அத்தனை ஆண்டு எந்த நெசவாளர் வீடு, எந்தச் சேரி வீடு தாங்கும்?

2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரி வாசலைத் திறந்தது. ஆய்வுக்கூட வாசல்வரை உதவித்தொகை கேட்போம். குடிநீரும் கழிப்பறையும் ஏன் தெருவின் சாதி பார்த்து வருகின்றன என்று அந்தத் தெருப்பிள்ளைதான் முதலில் கேட்பாள்.