பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



விடியற்காலைப் பிரயாணத்துக்குக் குடும்பமெல்லாம் மூட்டை முடிச்சுகளோடு காரில் ஏறி அமர்ந்த பிறகு, சாவியைத் திருப்பினால் செல்ப் மோட்டார் இரண்டு தரம் முனகிவிட்டு ஓய்ந்துபோகும் அனுபவம் கார் வைத்திருப்பவர்களில் அநேகருக்கு நேர்ந்திருக்கும். அந்தக் க்ஷணத்திலேயே தெருவில் நிற்பவர்களுக்கெல்லாம் யந்திர ஞானம் பிறந்துவிடுகிறது. "பேட்டரி போயிடுச்சு சார்" என்பார் ஒருவர். "ஆல்டர்னேட்டர்தான், சந்தேகமே இல்லை" என்பார் மற்றொருவர். இருவருமே பானெட்டைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

சென்ற ஐப்பசியில், அடைமழை இரவொன்றில், திண்டிவனத்தை நெருங்கும் சமயம் என் வண்டியின் முன்விளக்குகள் அகல்விளக்குகளைப்போல் மங்கத் தொடங்கின. ஊர் வந்து சேர்ந்ததும் ஒரு பட்டறையில் சொன்னபடி புதிய பேட்டரி வாங்கிப் போட்டேன். பத்தே நாளில் செல்ப் மோட்டார் முனக, அதுவும் சோர்ந்து படுத்தது. உடனே, அதைக்காட்டிலும் பன்மடங்கு விலையுள்ள ஆல்டர்னேட்டரையும் மாற்றியாக வேண்டும் என்று அதே பட்டறையில், அதே நிச்சயத்தோடு சொன்னார்கள்.

ஆல்டர்னேட்டர் என்பது என்ஜினோடு பெல்ட்டினால் பிணைக்கப்பட்டு, என்ஜின் சுழலும்போது தானும் சுழன்று மின்சாரம் உண்டாக்கி, விளக்குக்கும் விசிறிக்கும் கொடுத்து, எஞ்சியதைப் பேட்டரியில் சேர்த்துவைக்கும் யந்திரம். பேட்டரி தானியக்குதிர் என்றால் ஆல்டர்னேட்டர் விளைநிலம். குதிர் காலியாக இருப்பதைக் கண்டவுடன் நிலம் மலடு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது நியாயமாகுமா? அறுவடையை ஏற்றிவந்த வண்டி வழியிலேயே குடைசாய்ந்திருக்கலாம் அல்லவா?

இதைப் பரீட்சிக்க மின்சாமான் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றே போதும். அதை நேர்மின்சாரத்தில் 20 வோல்ட் அளவுக்குத் திருப்பிவைத்து, சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் தொட்டுப் பார்த்தால், முழு பலத்தோடு இருக்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12-க்கும் கீழே போயிற்றென்றால் அநேகமாகக் காலி. பின்பு என்ஜினை ஓடவிட்டு அதே முனைகளை மறுபடியும் தொடுங்கள். 13.8-லிருந்து 14.5 வரையில் ஏறினால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது என்று கொள்ளலாம். (கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இந்த அளவு சற்று ஏறியிறங்கக் கூடும்.) 15-ஐத் தாண்டி நிலைத்து நின்றால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். வேட்டி நுனியையும் புடவை முந்தானையையும் சுழலும் பெல்ட்டுக்கு எட்டாமல் செருகிக்கொள்ள மறக்கவேண்டாம்.

என் வண்டியில் என்ஜின் ஓடும்போதும் மீட்டர் 12.5-க்கு மேல் ஏறவில்லை. பட்டறைக்காரர் சொன்னதுதான் சரியென்று நானும் பணத்தை எண்ணத் தயாரானேன். தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் வயோதிக எலக்ட்ரீஷியன் ஒருவர்தாம், "கொஞ்சம் இருங்க ஐயா" என்று தடுத்து, என்ஜின் ஓடும்போதே முன்விளக்குகளைப் போடச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்தார். அவ்விரண்டுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது. எங்களுக்கோ ஒரு வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. என்ஜினை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிள், அதன் போல்ட்டுக்கு அடியில் துருவேறி, பெயருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டர் பாவம், விளைவித்துக்கொண்டுதான் இருந்தது. செல்ப் மோட்டார் முனகியதற்கும் அந்தத் துருவே காரணம். அதைச் சுரண்டி, புதிய கேபிள் ஒன்றை இறுக்கியதும் மீட்டர் 14.2-ல் போய் நின்றது.

இன்னொரு வேடிக்கையும் அவர் சொன்னார். பழைய வண்டிகள் பலவற்றில், சாவியைத் திருப்பியதும் எரியும் சிறிய சிவப்புச் சார்ஜ் விளக்கின் வழியாகச் செல்லும் சொற்ப மின்சாரமே ஆல்டர்னேட்டரைத் துயிலெழுப்புகிறது. அந்த பல்பு பீஸ் போனால், நல்ல யந்திரமும் சார்ஜ் செய்யாமல் இருந்துவிடும். தளர்ந்த பெல்ட்டும், டெர்மினலில் பூக்கும் வெண்பச்சை உப்பும் இதே விதமாய் ஏமாற்றுபவைதாம். பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய வண்டி விடிந்ததும் கிளம்பவில்லையென்றால், இரவில் எதுவோ பேட்டரியைக் குடிக்கிறது. டிக்கி விளக்காக இருக்கலாம். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே, மின்சாரத்தை ஒருவழியாக மட்டும் விடவேண்டிய ஒரு டயோடு கசிந்துகொண்டிருக்கலாம். அவ்வாறு டயோடு கெட்டிருந்தாலோ, இணைப்புகள் யாவும் சுத்தமாயிருந்தும் மீட்டர் ஏறாவிட்டாலோ, அப்போது மாற்றத்தான் வேண்டும். அதில் ஆட்சேபம் சொல்வாரில்லை.

என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்தது. அதை இன்றும் கைவிடாத மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் எவரேனும் அதைச் செய்ய முற்பட்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். திடீரென்று எழும்பும் மின்னழுத்தம் நல்ல டயோடுகளையும் கணினிப் பெட்டியையும் சேர்த்தே பொசுக்கிவிடக் கூடும்.

என் வண்டியில் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருப்பது அந்தப் பழைய ஆல்டர்னேட்டர்தான்.