கடைச் சரக்கா? கைச் சரக்கா?

நான் பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்கிற பசியாவரத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

எதிரணித் தம்பி, "கடையில சல்லிசா பிளாஸ்டிக் டப்பா கிடைக்குது, எதுக்கு உட்கார்ந்து ஓலை முடையணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த டப்பாவுல எங்க ஊர்க் கருவாட்டைப் போட்டு இறுக்கி மூடிப் பாருங்க தம்பி. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வேர்த்துப் பூசணம் பிடிச்சிடும். ஓலைப்பெட்டியில காத்து போய் வரும். "மீனை மணல்ல காயப்போடாதே, உயரமா வலை கட்டி அது மேல போடு. காஞ்சதும் சூட்டோட பெட்டியில அடைக்காதே, நிழல்ல ஆறவிடு." இதெல்லாம் என் மாமியார் சொன்னது. (கைதட்டல்)

ஓலை முடைய எனக்குக் கத்துக்கொடுத்தது பழவேற்காட்டில் இருக்கிற ஒரு முஸ்லிம் அக்கா. அந்தப் பெண்கள் கையில தலைமுறையா இருக்கிற தொழில் அது. பனங்குருத்தை ஈர்க்கு நீக்கி, வெயில்ல காயவச்சு, அளவா வகுந்து, கொதிக்கிற சாயத்தண்ணியில் முக்கி எடுக்கணும். காஞ்ச ஓலையை அப்படியே மடக்கினா ஒடியும். ஈரத்துணியில சுத்தி வச்சு, பதம் வந்ததும் எடுக்கணும். அந்தப் பதத்தை வாயால சொல்ல முடியாது ஐயா. என் விரலைப் பிடிச்சு, "இதுதான்டி" என்று காட்டினாங்க. கூலியா நான் ஒரு கூறு இறால் கொண்டுபோனா, அதுக்கும் திட்டுவாங்க!

இதுவரைக்கும் எங்க அணி பக்கம்தான் பேசினேன். ஆனா எங்க அணித் தலைவர் இதை "ஓய்வு நேரக் கைவேலை" என்று சொன்னாரே, அங்கதான் எனக்குச் சண்டை. (சிரிப்பு) யாருக்குங்க ஓய்வு?

எங்க ஏரியில 'பாடு' என்று ஒரு முறை உண்டு. யார், எந்த இடத்துல, என்னைக்கு வலை கட்டலாம் என்று முறை வச்சுப் பங்கு பிரிக்கிற பழைய ஏற்பாடு. அந்தப் பங்கு ஆம்பளைங்க பேர்லதான். பொம்பளைக்குப் பாடு இல்லை, படுற பாடு மட்டும் உண்டு! (பலத்த கைதட்டல்) இருளர் பெண்கள் தண்ணியில உட்கார்ந்து, சேத்தைக் கையால தடவி இறால் பிடிப்பாங்க. பிடிச்சதைப் போடுற ஓலைப் பறியைப் பல்லால கவ்விக்குவாங்க. ரெண்டு கையும் வேலையில இருக்குதே! அந்தப் பறியைப் போய் அலங்காரப் பொருள் என்று சொல்லுவீங்களா?

டச்சுக்காரங்க 1613-ல பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டினாங்க. எங்க பக்கத்துத் துணி கப்பலேறித் தென்கிழக்காசியா வரைக்கும் போச்சு. கோட்டைப் பேரு புத்தகத்துல இருக்கு. நெய்த கைகளோட பேரு உங்க யாருக்காவது தெரியுமா?

2019 ஜனவரி 1 முதல் நம்ம மாநிலத்துல பிளாஸ்டிக் பைக்குத் தடை. செட்டிநாட்டு ஓலைக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. சந்தோஷம். ஆனா பெட்டி வாங்க வர்றவங்க ஓலைக்கு ஒரு விலை போடுறாங்க, சாயத்துக்கு ஒரு விலை போடுறாங்க. உட்கார்ந்த இடுப்புக்கும் ஓலை கிழிச்ச விரலுக்கும் விலை கேட்டா, "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செய்யறதுதானேம்மா" என்கிறாங்க. இதைக் கேட்டுக்கிட்டு நின்ன என் மக, "இதை நான் எதுக்கும்மா கத்துக்கணும்?" என்று கேட்டா. பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, பேரம் பேசினவங்கதான்.

நான் முடைஞ்ச பெட்டி நாலு வாசல்ல வச்சிருக்கேன். வேணும்கிறவங்க போகும்போது எடுத்துக்கலாம். விலை மட்டும் குறைக்க மாட்டேன்! (சிரிப்பு, கைதட்டல்)