"வேண்டாம்" என்று சொல்லும் உரிமை

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஏழைகளின் சிகிச்சைக்காக நாங்கள் காணிக்கை அனுப்புகிறோம். அந்த ஏழைகளை வைத்து ஆராய்ச்சி செய்வது சரிதானா?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல இயலாது. ஆகவே உண்மையாக நடந்த மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, தொழுநோயைப் பற்றியது. தொழுநோய்க் கிருமியை 1873-ல் கண்டுபிடித்தவர் நார்வே நாட்டு மருத்துவர் ஆர்மவர் ஹான்சன். பாவத்தினாலோ பரம்பரையினாலோ வருவதல்ல இந்நோய் என்று உலகம் அறிந்துகொள்ள வழி திறந்தவர் அவர். ஆனால் அந்தக் கிருமியைப் பரிசோதனைக் கூடத்தில் வளர்க்க அவரால் முடியவில்லை. அது தொற்றும் என்று எப்படியாவது நிரூபிக்க வேண்டும் என்ற வேகத்தில், 1879-ல் பெர்கன் நகர மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் நோயாளியின் கண்ணில், வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்த நோய்ப்பொருளைக் கத்திமுனையால் செலுத்தினார். அந்தப் பெண்ணிடம் அவர் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் தாம் பார்ப்பதுபோல் அவள் இந்தக் காரியத்தைப் பார்க்கமாட்டாள் என்று நினைத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். 1880-ல் நீதிமன்றம் அவரை அந்த மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. பெரிய அறிஞர், நல்ல நோக்கம், உலகத்துக்கே பயன்படும் கேள்வி எல்லாம் இருந்தன. அந்தப் பெண்ணின் சம்மதம் மட்டும் இல்லை.

இரண்டாவது, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் நடந்தது. 1932-ல் அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் என்னும் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களையும், ஒப்பிட்டுப் பார்க்க அந்நோய் இல்லாத 201 பேரையும் தேர்ந்துகொண்டது. பெரும்பாலோர் குத்தகை நிலத்தில் பாடுபட்ட ஏழைகள். உண்மை நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. "கெட்ட இரத்தம்" என்று சொல்லப்பட்டது. இலவசப் பரிசோதனை, இலவச உணவு, அடக்கச் செலவுக்குப் பணம் ஆகியவை கொடுக்கப்பட்டன. 1947-க்குள் பெனிசிலின் இந்நோய்க்கு ஏற்ற மருந்தாக நிலைபெற்றுவிட்டது. ஆனாலும் அந்த மருந்து அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நோய் முற்றி எப்படிக் கொல்லுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் நோய் பரவியது. 1972-ல் பத்திரிகைகள் வெளிப்படுத்திய பிறகே இது நின்றது. 1997-ல் அந்நாட்டு ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இதில் "இலவசம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த மனிதரைக் கட்டிவைத்தது சங்கிலி அல்ல. இலவசமாகக் கிடைத்த கவனிப்புதான். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கொடுக்கிற எந்த மருத்துவமனையும் இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, நம் சென்னையில் நடந்த நல்ல காரியம். காசநோய் கண்டவர்களைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்று உலகமெங்கும் நம்பிய காலம் அது. நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஒரு கேள்வி கேட்டது: நெருக்கடியான சிறு வீட்டில், போதிய ஆகாரம் இல்லாமல் இருக்கும் ஏழை, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் குணமாவாரா? வீட்டாருக்கு ஆபத்து கூடுமா? 193 நோயாளிகள் இரண்டு பிரிவாயினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றப் பிரிவினர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். எந்தப் பிரிவினருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை. வீட்டாரின் உடல்நலத்தையும் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவுக்குப் பலன் தந்தது; வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959-ல் தெரிந்தது. வேலையையும் குடும்பத்தையும் விட்டு மாதக்கணக்காய்ப் பிரிந்திருக்க வேண்டிய அவசியம் உலகமெங்கும் நீங்க இந்த ஆய்வு பெரிதும் உதவியது.

ஆகவே ஆராய்ச்சியே வேண்டாம் என்பவர்களுக்கு நான் உடன்படுவதில்லை. இன்று நாம் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால், முன்வந்து தன் உடலைத் தந்த யாரோ ஒருவர் இருக்கிறார். ஆராய்ச்சி செய்யலாமா என்பதைவிட, எப்படிச் செய்கிறோம் என்பதே நம்மிடம் கேட்கப்பட வேண்டியது.

அதற்கு விதிகள் உண்டு. நாஜி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம் 1947-ல், மனமுவந்த சம்மதமே முதல் நிபந்தனை என்றது. 1964-ல் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும், புதிய மருந்துச் சோதனைகளுக்கென 2019-ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. இவ்விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் பாதிப் பேராவது மருத்துவமனையைச் சேராதவர்களாய் இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவரும், சட்டம் அறிந்தவர் ஒருவரும் வேண்டும். சோதனையில் சேருகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், பாரபட்சமற்ற ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். சோதனையால் கேடு வந்தால் இலவசச் சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு.

ஆனால் எந்த விதியும் தானாகத் தீர்க்காத ஒரு சிக்கல் நம் வார்டுகளில் இருக்கிறது. படிவத்தை விளக்கத் தொடங்குமுன்னே, "நீங்க எது சொன்னாலும் சம்மதந்தான் டாக்டரய்யா" என்று கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டுகிறவர்கள் உண்டு. அதைச் சம்மதம் என்று நான் எண்ணமாட்டேன். அது நன்றி; அது நம்பிக்கை. பிள்ளையைப் பிழைக்கவைத்த மருத்துவரிடம் "மாட்டேன்" என்று சொல்ல ஒரு தாய்க்கு வாய் வருமா? சொன்னால் நாளை மருந்து கிடைக்குமோ என்ற பயம் வராதா? அந்த நன்றியை நாம் காசாக்கிக்கொண்டால், டஸ்கிகீயிலிருந்து நாம் வெகுதூரத்தில் இல்லை.

அதனால் எங்கள் குழு சில காரியங்களை வற்புறுத்துகிறது. சிகிச்சை தருகிற மருத்துவரே சம்மதம் கேட்கக் கூடாது. வேறொருவர் கேட்க வேண்டும். அன்றே கையெழுத்து வாங்கக் கூடாது. வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவர நேரம் தர வேண்டும். அவர் பேசுகிற தமிழிலேயே விளக்க வேண்டும். பிறகு, "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், நாங்கள் என்ன செய்யப்போகிறோம்?" என்று அவரையே சொல்லவைக்க வேண்டும். அவர் சொல்ல முடியாவிட்டால் நாம் சரியாக விளக்கவில்லை என்று அர்த்தம்.

நண்பர்களே, கொடுக்கிறவர்களுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. நீங்கள் உதவுகிற எந்த மருத்துவமனையிலும் ஆராய்ச்சி நடந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கேடு வந்தால் யார் பொறுப்பு? மருந்து பலித்தால், சோதனை முடிந்த பிறகும் அது இந்த ஏழைக்குக் கிடைக்குமா? மூன்றாவது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பதோடு, எத்தனை பேர் மறுத்தார்கள் என்றும் கேளுங்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை என்று பதில் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், இன்னும் விசாரியுங்கள். சிலர் மறுத்தார்கள், அவர்களுக்கும் அதே படுக்கையும் அதே மருந்தும் அதே அன்பும் கிடைத்தன என்று கேள்விப்பட்டால், உங்கள் காணிக்கை சரியான இடத்துக்குத்தான் போகிறது என்று நிம்மதியாய் இருங்கள்.