கத்தி தீட்டும் வார்



சவரக் கத்திக்குக் கூர்மை தருவது சாணைக்கல் என்பதை அறிவீர்கள். அக்கூர்மையை நாள்தோறும் காத்து நிற்பது ஒரு தோல் வார். அந்த வாருக்கு நான் செய்த தீங்கைப் பற்றியும், அதனால் கற்ற பாடத்தைப் பற்றியும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஈரோட்டுக் கடைவீதியில் முடிதிருத்தும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் கடைச் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு தோல் வார் தொங்கும். இடக்கையால் அதன் நுனியை இழுத்துப் பிடித்து, கத்தியின் முதுகு முன்னே செல்ல, கூர் விளிம்பு பின்னே வருமாறு தேய்ப்பார். கோடியை அடைந்ததும் கத்தியை முதுகின் மேலேயே புரட்டுவார். விளிம்பின் மேல் புரட்டினால் வார் அறுபடும். சாணையில் இரும்பு தேய்கிறது. வாரிலோ, கண்ணுக்குத் தெரியாமல் மடங்கிய நுண்ணிய விளிம்பு நிமிர்ந்து மெருகு பெறுகிறது.

ஒருநாள் என்னைக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு அவர் உணவருந்தப் போனார். வார் அழுக்காயிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. உதவி செய்வதாக எண்ணி, அதைச் சோப்பிட்டுக் கழுவி வெயிலில் உலர்த்தினேன். அவர் திரும்பியபோது வார் கருவாடுபோல் விறைத்து வளைந்து கிடந்தது. அவரிடம் இருந்தது அந்த ஒன்றே. மறுநாளோ ஞாயிற்றுக்கிழமை; அவருக்கு வருவாய் மிகுந்த நாள்.

அவர் என்னை வையவில்லை. "கண்ணு, தோலு எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்கோணும், அப்புறந்தான் அதைத் தொடோணும்" என்றார். ஞாயிறு முழுவதும் இரவல் வாரில் தொழில் செய்தார். பின்னொரு நாள், காவிரிக் கரையிலுள்ள பெரிய அக்ரகாரத்துத் தோல் பதனிடும் இடத்திற்கு என்னை அழைத்துச் சென்றார்.

அங்கே தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கினார்கள். பிறகு ஆவாரம்பட்டை ஊறிய நீரிலும் கடுக்காய் நீரிலும் இட்டார்கள். அவற்றின் துவர்ப்புச் சத்து தோலின் இழைகளோடு பிணைந்து, அழுகாமல் காக்கிறது. கடைசியில் எண்ணெய் பூசினார்கள். அந்த எண்ணெய் இழைகளுக்கிடையே நின்று, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி அசைய இடந்தருகிறது. சோப்பு நீரால் நான் அகற்றியது அந்த எண்ணெயைத்தான். வெயிலில் விரைந்து உலர்ந்ததும் இழைகள் ஒட்டிக்கொண்டன.

வாரை மீட்கும் வழியையும் பெரியவர் காட்டினார். விரல் நுனியில் சிறிதளவு எண்ணெய் தொட்டுத் தடவி, இரவு முழுவதும் நிழலில் வைத்தார். மறுநாள் உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்த்தார். சொரசொரப்பான இடத்தை மெல்லிய உப்புத்தாளால் சமன் செய்தார். எண்ணெய் மிகுந்தால் தோல் தொய்ந்து, கத்தியின் கூரையே மழுக்கிவிடுமாம். பல நாள் இவ்வாறு செய்தும் வெடித்த பகுதி தேறவில்லை. அதை வெட்டியெறிந்து, எஞ்சிய குட்டை வாரிலேயே அவர் நெடுநாள் தொழில் செய்தார்.

மாற்றத்தக்க அலகுடைய ஜில்லெட் சவரக் கருவி 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர்க் கடைகளிலும் ஆளுக்கொரு புதிய அலகு இடுகிறார்கள்; நோய் பரவாமலிருக்க அதுவே நன்று. வாரைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆயினும், ஒரு பொருளைப் பேண நல்லெண்ணம் மட்டும் போதாது, அது உருவான விதத்தையும் அறிய வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தது அந்தக் குட்டை வாரே.