பாயும் சுக்கானும்



வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு விடுமுறை என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்தான் வழங்கி வருகிறது. ஊருக்குப் போவது என்பதே அது. நான் ஹைதராபாத் நகருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் என் கணவரும் நானும் எடுத்த நீண்ட விடுமுறைகள் அனைத்தும் முன்பே எழுதி வைக்கப்பட்டவை. ஒரு நாத்தனாரின் திருமணம், ஒரு குழந்தையின் காதணி விழா, குலதெய்வத்துக்குப் பொங்கல், ஒரு பெரியவரின் பதினாறாம் நாள் காரியம் என்று, எவரோ வகுத்த நிகழ்ச்சி நிரலில் எங்கள் பங்கை நிறைவேற்றிவிட்டுத் திரும்புவோம். அதில் மகிழ்ச்சி இல்லையென்று சொல்லமாட்டேன். ஆயினும், கணவனும் மனைவியும் தாமே தீர்மானித்து, நாளை மறுநாள் எந்த ஊரில் இருப்போம் என்று அறியாமல் புறப்படும் பயணம் ஒன்று எங்கள் இல்லறத்தில் நேர்ந்ததே இல்லை. அத்தகைய பயணம் ஒன்றுக்கு, அதுவும் கடல் கடந்த நாட்டுக்கு, இப்போது ஆயத்தமாகி வருகிறோம். அந்தத் துணிவு எங்களுக்கு வந்த இடம் ஹுசைன் சாகர் ஏரி.

ஹைதராபாத்தில் கடல் இல்லை. ஆனால் அந்நகரைவிட வயது முதிர்ந்த ஏரி இருக்கிறது. இப்ராஹிம் குலி குத்ப் ஷாவின் ஆட்சியில், 1562ஆம் ஆண்டளவில், மூசி ஆற்றின் கிளையோடை ஒன்றை மறித்து இவ்வேரி வெட்டப்பட்டது. நகரமோ 1591இல்தான் தோன்றியது. ஏரியின் கரைமீது செல்லும் நெடுஞ்சாலையே ஹைதராபாத்தையும் செகந்தராபாத்தையும் இணைக்கும் டாங்க் பண்ட். மாலையில் அங்கு உலாவுகிறவர்கள் நீரின் நடுவே நிற்கும் புத்தர் சிலையைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வருகிறவர்கள் அச்சிலையைச் சுற்றி வெண்ணிறப் பாய்களும் நீலப் பாய்களும் சாய்ந்தும் நிமிர்ந்தும் செல்வதையும் காணலாம். இராணுவத்தாரின் பாய்மரப் படகுச் சங்கமும், ஹைதராபாத் யாட் கிளப் போன்ற பொது மன்றங்களும் இங்கே உண்டு. பருவக்காற்று வலுக்கும் ஜூலை மாதத்தையொட்டி நாட்டின் பல பாகங்களிலிருந்தும் போட்டியாளர்கள் வந்து கூடுகிறார்கள்.

எங்கள் ஒரே மகள் கல்லூரிப் படிப்புக்காக வேறு ஊர் சென்ற பிறகு, வீட்டில் நாங்கள் இருவரே எஞ்சினோம். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். என் கணவர் கணக்கர். பகல் முழுவதும் பிறர் எழுதிய வாக்கியங்களோடு நானும், பிறர் செலவிட்ட தொகைகளோடு அவரும் மல்லுக்கட்டிவிட்டு மாலையில் சந்திப்போம். பால் கணக்கு, வீட்டு வாடகை, சமையல் எரிவாயு இம்மூன்றுக்கும் அப்பால் பேச்சு நீள்வதில்லை. சண்டை எதுவும் இல்லை. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லாமற் போயிற்று. அக்காலத்தில்தான், வார இறுதியில் படகு செலுத்தப் பழகலாம் என்று அவர் ஒருநாள் சொன்னார்.

நாங்கள் பழகிய படகுக்கு எண்டர்பிரைஸ் என்று பெயர். ஜாக் ஹோல்ட் என்னும் ஆங்கிலேயர் 1956இல் வடிவமைத்தது. நீளம் பதின்மூன்று அடிக்குச் சற்று அதிகம். இரண்டு பேர் செலுத்துவதற்கென்றே அமைந்தது. ஒருவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிக்க, மற்றவர் முன்பாயின் கயிற்றைக் கவனித்து, படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடலைச் சாய்த்துச் சமன் செய்ய வேண்டும். இருவரில் எவர் வேலையும் குறைந்ததன்று. முன்பாயைச் சரியாக இழுக்காவிட்டால் சுக்கான் பிடித்தவரின் சாமர்த்தியம் அனைத்தும் வீண்.

காற்றைப் பற்றி ஒரு செய்தி. எதிர்க்காற்றை நோக்கி எந்தப் பாய்மரப் படகும் நேராகச் செல்ல இயலாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை விலகித்தான் செல்ல முடியும். ஆகவே எதிரே தெரியும் கரையை அடைய வேண்டுமானால் சிறிது தூரம் வலப்புறம், பிறகு திரும்பிச் சிறிது தூரம் இடப்புறம் என்று வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு இவர்கள் வழி தெரியாமல் அலைகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அதுவே மிக நேரான வழி. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கு ஒரு பெயரிட்டுக் காற்றை அழைத்த மொழி நம்முடையது. மேற்கிலிருந்து வீசுவது கோடை. ஜூலை மாத மேகங்களை ஹுசைன் சாகருக்கு மேலே தள்ளிக்கொண்டு வருவது அக்காற்றுத்தான். மழைக்காலத்தில் கோடை வீசுகிறது என்று சொல்ல நேர்வது எனக்கு ஒரு வேடிக்கை.

மொழியைப் பற்றி மற்றொன்றும் அங்கே விளங்கிற்று. படகு திரும்பும்போது பாயின் அடிக்கழி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வேகமாக வீசும். அப்போது இருவரும் தலையைத் தாழ்த்தியாக வேண்டும். முதல் வாரம் சுக்கான் என் கையில் இருந்தது. நம் குடும்பங்களில் கணவரை எப்படி விளிப்போம் என்பது நேயர்களுக்குத் தெரியும். ‘இதோ பாருங்கள், சற்றுக் குனிந்துகொள்கிறீர்களா?’ என்று மரியாதையோடு நான் சொல்லி முடிப்பதற்குள் கழி தலைக்கு மேலே வந்துவிட்டது. அவர் தாமாகவே குனிந்ததால் தப்பினார். பயிற்றுநர் சிரித்துவிட்டு, ‘படகில் ஒரு சொல்தான் அம்மா’ என்றார். அன்றுமுதல் ‘குனி’, ‘திருப்பு’, ‘விடு’, ‘இழு’ என்று வெறும் ஏவல் வினையே எங்கள் பாஷையாயிற்று. இலக்கணத்தில் வினைப்பகுதியே ஏவலாக நிற்கும் என்று படித்திருக்கிறோம். அது எதற்குப் பயன்படும் என்பதைக் காற்று கற்றுக் கொடுத்தது. அடுத்த வாரம் சுக்கான் அவர் கைக்கு மாறும். நான் ஏவலுக்கு உட்படுவேன். கரையேறியதும் பழைய மரியாதைகள் தாமே திரும்பிவிடும். ஆனால், இவருக்கு நான் கட்டளையிடலாம், இவர் சொல்லை உடனே நம்பலாம் என்னும் பழக்கம் மட்டும் எங்களோடு வீட்டுக்கு வந்தது. இப்போது மாலை வேளையில் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. அன்றைய காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கி, இருபது ஆண்டுகளாகப் பேசாமல் விட்ட சிலவற்றையும் பேசியிருக்கிறோம்.

இது விளையாட்டுத்தானே என்று எண்ணிவிடலாகாது. நீர் எந்த ஏரியிலும் நீர்தான். புத்தர் சிலையை ஏற்றிச் சென்ற தெப்பம் 1990 மார்ச்சில் இதே ஏரியில் கவிழ்ந்தபோது மனித உயிர்கள் பலியாயின. சிலை நீருக்கடியிலேயே கிடந்து 1992 டிசம்பரில்தான் தன் பீடத்தில் நின்றது. மிதவைச் சட்டை அணியாமல் எவரையும் படகில் ஏற்றுவதில்லை. கவிழ்ந்த படகை நிமிர்த்தும் வித்தையை முதலில் கற்பித்த பிறகே பாயை விரிக்கச் சொல்வார்கள். படகைத் தாமே கவிழ்த்து எங்களை நீரில் தள்ளி, நடுப்பலகையின்மேல் ஏறி நின்று அதை நிமிர்த்தச் செய்தார்கள். நகரத்தின் கழிவு கலந்த அந்நீரின் வாடை இரண்டு நாள் போகவில்லை. ஆனால் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று தெரிந்தபின் கவிழ்ந்துவிடுவோமோ என்ற அச்சம் பாதியாய்க் குறைந்தது.

கணவனும் மனைவியும் சேர்ந்து பாய் விரிப்பது புதிதன்று. 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் படகுப் பந்தயங்கள் பம்பாயில் நடைபெற்றன. அவற்றுள் எண்டர்பிரைஸ் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றவர்கள் பாகிஸ்தானின் பைரம் அவாரியும் அவர் மனைவியார் கோஷ்பி அவாரியும். எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்னும் ஆங்கிலத் தம்பதியர் 1952 முதல் 1955 வரை முப்பதடிப் படகில் உலகையே சுற்றி வந்தார்கள். அண்மையில், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் பாய்மரக் கப்பலில் புறப்பட்ட நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர், 25,000 கடல்மைலுக்கு மேல் கடந்து 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. பிரிமாண்டில், லிட்டல்டன், ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய நான்கு துறைமுகங்கள் மட்டுமே அவர்கள் தங்கிய இடங்கள். துறைமுகங்களைக் குறிக்கலாம்; இடைப்பட்ட கடலை எவராலும் முன்கூட்டி எழுத முடியாது. இந்த எண்ணமே எங்கள் பயணத்துக்கும் அடிப்படையாயிற்று.

எங்கே போவது என்னும் கேள்விக்கு விடையாக வந்தது ஒரு தமிழ்க் கப்பல். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றி வந்து புகழ்பெற்ற அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். தம் மனைவியார் பெயரையே அதற்குச் சூட்டி, ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று அழைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் மாகடல் வழியே செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்ப்பித்தார்கள். காற்றைத் தவிர வேறு துணையில்லாத காலத்துத் தொழில்நுட்பம் நம் கடற்கரையிலேயே வாழ்ந்தது என்பதை அறிந்தபோது, அந்தக் கரையைக் காணவேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது.

தமிழ்நாட்டுக்கும் வட இலங்கைக்கும் இடையே நெடுங்காலம் நின்றுபோயிருந்த பயணிகள் கப்பல், 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மீண்டும் ஓடத் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் மறுபடியும் ஓடியது. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நேரம் நான்கு மணி அளவு. வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். காங்கேசன்துறைக்குக் கிழக்கே அதே கரையில் சில கல் தொலைவில் இருக்கிறது வல்வெட்டித்துறை.

என் கணவர் இரயில் இருக்கையின் எண் தெரியாமல் உறங்காதவர். அவர் வகுத்த திட்டம் இதுதான். கடல் அடங்கும் பங்குனி மாதத்தில் பன்னிரண்டு நாள். யாழ்ப்பாணத்தில் முதல் இரவு தங்கும் இடம் உறுதி. திரும்பும் கப்பலின் நாள் உறுதி. கப்பல் தவறினால் காத்திருக்க நாகப்பட்டினத்தில் இரண்டு நாள் கைவசம். கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி, மருந்துகள், மகளிடம் ஒரு பிரதி, அவசரத்துக்குத் தனியே முடிந்து வைத்த பணம். நடுவிலுள்ள எட்டு நாட்களும் வெறுந்தாள். ஒரு நாள் சுக்கான் அவர் கையில், மறுநாள் என் கையில். கிழக்கே போவதா தெற்கே போவதா என்று சுக்கான் பிடித்தவர் தீர்மானிப்பார். ஆபத்து என்று தோன்றினால் ‘விடு’ என்று சொல்லும் உரிமை மற்றவருக்கு.

அரசாங்க ஊழியர் சொந்த முறையில் வெளிநாடு செல்ல முன் அனுமதி வேண்டும். செல்லும் நாடு, புறப்படும் நாள், திரும்பும் நாள், செலவு, அச்செலவுக்குப் பணம் வரும் வழி எல்லாம் விண்ணப்பத்தில் எழுதினேன். எழுதாத பயணத்துக்கும் எழுதித் தரவேண்டிய பகுதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இரு துறைமுகங்களை அரசாங்கம் கேட்டது; நடுக்கடலை அது கேட்கவில்லை.

கடினமான அனுமதி வேறோர் இடத்தில் பெற வேண்டியிருந்தது. இவ்வாண்டுக் குலதெய்வப் பொங்கலுக்கு நாங்கள் வரவியலாது என்பதைத் திருவாரூர்ப் பக்கத்திலுள்ள என் மாமியாரிடம் சொல்ல வேண்டும். என் மைத்துனர், ‘ஊருக்கு வராமல் ஊர் சுற்றவா?’ என்று முன்பே கேட்டுவிட்டார். மாமியார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘என் மாமனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். மூன்று வருஷத்தில் வருவேன் என்று போனவர், நடுவில் சண்டை வந்து, ஒன்பது வருஷம் கழித்துத்தான் வந்தார். வந்தபோது அவரைப் பெற்றவள் இல்லை. நீங்கள் பன்னிரண்டு நாளில் வருகிறவர்கள். போய் வாருங்கள். போகும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.’

அந்தச் சொல் எங்கள் பயணத்தின் கனத்தை மாற்றிவிட்டது. நம் முன்னோர் பலர் புறப்பட்டதும் எழுதாத பயணந்தான். ஆனால் அவர்கள் அதை விரும்பி எழுதாமல் விட்டவர்கள் அல்லர். வறுமை அவர்களைக் கப்பலேற்றிற்று. 1983க்குப் பின் இதே நீரிணையைச் சிறு படகுகளில், குழந்தைகளை மடியில் இறுக்கிக்கொண்டு, எந்தக் கரை தங்களை ஏற்கும் என்று அறியாமல் கடந்தவர்கள் எத்தனையோ பேர். நாளை எங்கே என்று தெரியாமல் இருப்பதை ஓர் இன்பமாகக் கொள்ள முடிகிறதென்றால், திரும்பி வருவதற்கு ஒரு வீடு உறுதியாக இருக்கிறது என்பதே அதற்குக் காரணம். அந்த நினைவோடுதான் அக்கரையில் கால் வைக்க எண்ணியிருக்கிறோம். வேடிக்கை பார்க்கிறவர்களாக மட்டும் அங்கே போகக்கூடாது.

வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களே, உங்களுக்கு ஏரியோ படகோ வாய்க்காமல் இருக்கலாம். அது பெரிதன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும், புறப்படும் துறையையும் திரும்பும் நாளையும் மட்டும் குறித்துக்கொண்டு, நடுவிலுள்ள சில நாட்களை வெறுந்தாளாக விட்டுப் பாருங்கள். சுக்கானை உங்கள் துணைவரிடமோ துணைவியிடமோ கொடுங்கள். கொடுத்தபின் பிடுங்காதீர்கள். வழியில் வீட்டுப் பெரியவர்களைக் கண்டு, சொல்லிக்கொண்டு புறப்படுங்கள்.