பிழைத்தவருக்குப் பிழைப்பு வேண்டாமா?

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் கூடுகையில் ஆஸ்பத்திரி போதகர் கொடுத்த செய்தி)



இன்று நாம் தியானிப்பதற்கு ஒரு சொல்லை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். வேத சாஸ்திரத்தில் வரும் பெரிய சொல் அல்ல. சந்தையிலும் பஸ்ஸிலும் நாம் தினமும் பேசுகிற சொல். 'பிழைப்பு' என்பதே அது.

ஆஸ்பத்திரியில் எங்கள் காதில் இந்தச் சொல் விழாத நாள் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர்கள் "குணமாகுமா?" என்று முதலில் கேட்பதில்லை. "பொழச்சுக்கிடுவாரா?" என்றுதான் கேட்பார்கள். அதே சொல்லைத் தெருவிலே பாருங்கள். "என்ன பிழைப்பு நடக்கிறது?" என்றால் என்ன தொழில் செய்கிறீர் என்று அர்த்தம். ஊரில் மழை தப்பினால் வாலிபர்கள் திருப்பூருக்கும் மும்பைக்கும் 'பிழைக்கப்' போகிறார்கள். கள்ளம் கபடு இல்லாதவனைப் பார்த்து 'பிழைக்கத் தெரியாதவன்' என்று பரிதாபப்படுகிறோம். (அப்படிப்பட்ட பிழைக்கத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலும் நம்முடைய மிஷன் ஆஸ்பத்திரிகளைக் கட்டி எழுப்பினார்கள் என்பது வேறு விஷயம்.)

உயிர் தப்புவதற்கும் உழைத்துச் சாப்பிடுவதற்கும் நம்முடைய ஜனங்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். நம்முடைய தமிழ் வேதாகமமும் இந்தச் சொல்லைத் தள்ளிவிடவில்லை. வனாந்தரத்தில் ஆண்டவர் அப்பத்தைக் குறித்துச் சோதிக்கப்பட்டபோது சொன்ன பதிலிலும், நீதிமானுடைய விசுவாசத்தைப் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதிய இடத்திலும் இதே வினைச்சொல்தான் வருகிறது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லுகிறோம் என்றால், சில சபைகளிலிருந்து எங்களுக்கு ஒரு கேள்வி வந்துகொண்டிருக்கிறது. ஏழை நோயாளர் நிதிக்கு நாங்கள் கொடுத்த காணிக்கையில் தையல் மெஷினும் பெட்டிக்கடையும் ஏன் வாங்குகிறீர்கள், ஆஸ்பத்திரியின் வேலை வைத்தியம் அல்லவா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துக் காணிக்கை சேர்க்கிற தாய்மார்களின் பணம் அது. எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் அவர்களுக்கு நேர்ந்ததைச் சிலர் வாசித்திருப்பீர்கள். அவர் 1946-ஆம் ஆண்டில் அங்கே வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தத் தொடங்கினார். கை நன்றாயிற்று. ஆனால் சிலர் திரும்பி வந்து அவரிடத்தில் முறையிட்டார்கள். முடங்கின கையை நீட்டினால் காசு விழுந்தது, நல்ல கையை நீட்டினால் யாரும் போடுவதில்லை. தொழுநோயாளி என்று வேலைக்கும் யாரும் சேர்ப்பதில்லை. கையைக் கொடுத்த வைத்தியமே அவர்கள் பிழைப்பை எடுத்துவிட்டது! ஆகவே அவர்கள் தங்கித் தச்சுவேலை முதலியவற்றைக் கற்றுக்கொள்ள ஓர் இடம் உண்டாக்கினார். நவஜீவ நிலையம் என்று அதற்குப் பெயர்.

அவரோடு வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரோ 1954-ஆம் ஆண்டு கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உயிர் பிழைத்தார். தம்முடைய வேலை போயிற்று என்றுதான் நினைத்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா சென்று மேற்பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் புனர்வாழ்வுச் சிகிச்சையை வளர்த்தார். அதற்கென்று தனி நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது. 'புனர்வாழ்வு' என்பது ஆபீஸ்காரர்கள் உண்டாக்கின வார்த்தை. எங்களைக் கேட்டால் 'பிழைப்பு' என்றே எழுதியிருக்கலாம்.

நம்முடைய ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பனையேறி சகோதரனைக் குறித்துச் சொல்ல வேண்டும். தேரிக்காட்டுப் பக்கத்தவர். பாளை சீவும்போது கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. அவர் மனைவி எங்களைக் கண்டவுடன் கேட்டது, "ஐயா, அவுக பொழச்சிருவாகளா?" என்பதுதான். அந்த அம்மாளோடு சேர்ந்து ஜெபித்தோம். டாக்டர்மார் பிரயாசப்பட்டார்கள். நர்ஸ்மார் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். அப்படிச் செய்யாவிட்டால் உணர்ச்சியில்லாத சரீரத்தில் படுக்கைப் புண் வந்து அதுவே உயிரைக் கொண்டுபோய்விடும். தேவ கிருபையால் பிழைத்தார்.

அந்த நல்ல செய்தியைச் சொல்ல நாங்கள் போனோம். அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொழச்சிட்டாக ஐயா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இனி எதை வச்சுப் பொழைக்க?" என்றார்கள்.

செமினரியில் கற்ற எந்தப் பதிலும் அந்த இடத்தில் உதவாது. யவீருவின் மகளை ஆண்டவர் உயிரோடே எழுப்பினபின்பு என்ன செய்தார் என்று மாற்கு 5-ஆம் அதிகாரத்தின் கடைசியில் பாருங்கள். சுற்றி நின்றவர்கள் பிரமித்துப் போய் நிற்கிறார்கள். அவரோ, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று கட்டளையிடுகிறார். மரித்த பிள்ளையை எழுப்பினவருக்கு அதன் பசியும் நினைவில் இருந்தது. பிரசங்கிகளாகிய நாங்கள் இந்த அதிகாரத்தைப் பேசும்போது பெரும்பாலும் அதற்கு முந்தின வசனத்தோடு முடித்துவிடுகிறோம்.

அந்தச் சகோதரனுக்கு இனி மரம் ஏற முடியாது. ஆனால் கருப்பட்டியை உடைத்துப் பார்த்தாலே சீனி கலந்ததா, சுத்தமானதா என்று சொல்லிவிடுவார். ஆகவே மற்றப் பனையேறிகளிடம் நல்ல கருப்பட்டி வாங்கி விற்கும்படி, ரோட்டோரத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்துக் கொடுத்தோம். நாற்காலியில் இருந்தபடியே கை எட்டும் உயரத்தில் பலகைகள் அடித்திருக்கிறது. கேள்வி கேட்ட சபையார் கணக்குப் புத்தகத்தில் பார்த்த பெட்டிக்கடை இதுதான். முதல் மாதம் கையைக் கடித்தது. இப்பொழுது பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் நிற்காமல் போகிறார்கள். மனைவி ஓலைப்பெட்டி முடைந்து அதே கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஒரு குறை மாத்திரம் இருக்கிறது. வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் செம்மணல். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, மணலில் புதைந்துவிடும். தினமும் காலையில் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த ஊர்ச் சபையின் வாலிபர்கள் சனிக்கிழமைதோறும் சிமெண்ட் பலகை பதித்து வருகிறார்கள். பாதித் தூரம் முடிந்துவிட்டது. மீதிக்குப் பலகை வாங்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஏழை நோயாளர் நிதி என்று குறிப்பிட்டே அனுப்பலாம்.