சேப்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அவைத் தலைவர் அவர்களே, சேகரகுரு ஐயா அவர்களே, வாசகசாலை நண்பர்களே, வாலிபர் ஐக்கிய சங்கத்துத் தம்பி தங்கைகளே, பின்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் செல்போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்து மக்களே, எல்லாருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

'விசுவாசியும் ரசிகனும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் மனைவி, "ரெண்டுமே நீங்கதான்னு அவங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். ரசிகன் என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி சொல்லும். மற்றதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் மேடை ஏறிப் பேசுகிறவர் இல்லை. அதனால் நானே பேசிவிட்டுப் போகிறேன்.

நான் வளர்ந்த வீட்டில் கிரிக்கெட் என்பது உலகக் காரியம். சினிமா, சீட்டாட்டம், கிரிக்கெட் மூன்றும் ஒரே கணக்கில் வரும். ஆனால் சென்னையில் டெஸ்ட் நடந்து, வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை வரத் தொடங்கினால் போதும், அடுப்படியிலிருந்து பாட்டியின் குரல் வரும்: "எல, எத்தன விக்கெட்டு போயிருக்கு?" உலகக் காரியத்தைத் தெரிந்துகொள்வதில் பாவமில்லை என்று பாட்டி தனக்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தாள்.

பாட்டிக்குத் துணையாகப் பவுல் அப்போஸ்தலனையே கூப்பிடலாம். கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டுகள் நடந்தன. ஜெயித்தவன் தலையில் இலையால் கட்டிய கிரீடம் வைப்பார்கள். நாலு நாளில் காய்ந்து சருகாகிவிடும். அந்த ஊர்ச் சபைக்கு நிருபம் எழுதும்போது பவுல் ஓட்டக்காரனைப் பேசுகிறார், காற்றில் கை வீசாத குத்துச்சண்டைக்காரனைப் பேசுகிறார், அழிந்துபோகும் அந்தக் கிரீடத்தையும் பேசுகிறார். விளையாட்டைக் கூர்ந்து கவனித்தவரின் எழுத்து அது. பாட்டி தப்பித்தாள்.

விளையாட்டும் விசுவாசமும் என்றாலே நம் பிரசங்கிமார் எரிக் லிடிலிடம் போய்விடுவார்கள். சீனாவில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மாட்டேன் என்றார். அதற்குப் பதிலாக 400 மீட்டரில் ஓடி, 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். பிரசங்கம் இங்கே முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கிவிடும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. தங்கம் கிடைத்ததால்தான் அந்தக் கதையைச் சொல்கிறோமோ? 400 மீட்டரில் அவர் நாலாவதாக வந்திருந்தால் எந்தப் பிரசங்க பீடத்தில் அவர் பெயர் கேட்டிருக்கும்?

மீதிக் கதையைச் சொல்கிறேன். அடுத்த ஆண்டே மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். தாய் தகப்பனைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் கூடாது என்பதே லிடிலின் நிலை. பிள்ளைகளோ ஞாயிறன்று ஹாக்கி ஆடினார்கள், நடுவர் இல்லாமல். ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு நடுவராக மைதானத்தில் வந்து நின்றவர் எரிக் லிடில். தனக்காக ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டவர், பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதே ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதம் முன்பு, அந்த முகாமிலேயே மூளைக் கட்டியால் இறந்துபோனார். வயது 43. பாரிஸ் ஞாயிறைவிட எனக்கு இந்த முகாம் ஞாயிறுதான் பெரிது. சேகரகுரு ஐயா சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போகலாம் என்று இதற்கு யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

இன்னொருவர் நம் ஊட்டியில் வாழ்ந்தவர். சி. டி. ஸ்டட். 1882இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்து ஜெயிக்க 85 ஓட்டம் போதும். ஸ்டட் அந்தக் கோடையில் அதே ஆஸ்திரேலியருக்கு எதிராக இரண்டு சதம் அடித்தவர். அவரைப் பத்தாவது ஆளாக அனுப்பினார்கள். அவர் ஒரு பந்துகூட ஆடவில்லை. எதிர்முனையில் நின்றபடியே கடைசி விக்கெட் விழுவதைப் பார்த்தார். 77க்கு எல்லாரும் அவுட், ஏழு ஓட்டத்தில் தோல்வி. 'ஆஷஸ்' என்ற பெயர் பிறந்தது அந்தத் தோல்வியில்தான். மூன்று ஆண்டில் கிரிக்கெட்டை விட்டு மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். 1900 முதல் 1906 வரை ஊட்டியில் சபை ஊழியம் செய்தார்.

ரசிகன் என்றாலே எனக்கு அந்த ஸ்டட்தான் நினைவுக்கு வருகிறார். பேட்டைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் நிற்கிறோம், எல்லாமே கண்முன் நடக்கிறது, நம்மால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கை கட்டிப்போட்ட அந்த நிலையில் மனுஷன் என்ன செய்வான்? சோபாவில் உட்கார்ந்த இடத்தை மாற்றாமல் இருப்பான். சிறுநீரை அடக்குவான். "நீ உள்ள வந்ததும் விக்கெட் போச்சு, வெளிய போ" என்று தங்கச்சியை விரட்டுவான். நாள் நட்சத்திரம் பார்ப்பதைக் கண்டித்துப் பேசுகிற வேதாகமக் குடும்பங்களில் நடப்பதைத்தான் சொல்கிறேன். இதெல்லாம் பலிக்கவில்லை என்றால் கடைசியாக ஆண்டவரிடம் போவான்: "கர்த்தாவே, இந்த ஒரு ஓவர் மட்டும்." பேரம் பேசுகிற குரல் அது. கேட்டால் ஜெபம் என்று சொல்லிக்கொள்வோம்.

ஜெபிக்கலாமா கூடாதா என்று வாலிபர் சங்கத்தில் ஒரு தம்பி கேட்டிருந்தான். 2025 அக்டோபர் 30, நவி மும்பை, மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியா 338. ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 அடித்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார். தொடரின் நடுவே ஒரு போட்டியில் வெளியே உட்கார வைக்கப்பட்ட பெண் அவர். ஆட்டம் முடிந்ததும் அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னார். மனப்பதற்றத்தால் இந்தத் தொடர் முழுக்க அழுதுகொண்டிருந்ததையும் சொன்னார். ஊரெல்லாம் கொண்டாடியது; இணையத்தில் சிலர் அந்த நன்றிக்காகவே ஏசவும் செய்தார்கள். நம் சபை வாட்ஸாப் குழுக்களில் அன்று இரவு முழுக்க 'அல்லேலூயா'தான். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஜெமிமா அடித்தது 24. அதைப் பற்றி எங்கள் குழுவில் ஒருவரும் ஒரு வரி போடவில்லை. இந்தியா 52 ஓட்டத்தில் ஜெயித்தது, அது வேறு விஷயம். அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்காவின் கேப்டன் லாரா வோல்வார்ட் 101 அடித்தும் தோற்றார். அவர் நாட்டிலும் அன்று காலை கோயில் மணி அடித்திருக்கும். அங்கேயும் நம் பாட்டி மாதிரி யாராவது முழங்காலில் நின்றிருப்பார்கள். அந்த ஜெபத்தை ஆண்டவர் கேட்கவில்லை, நம்முடையதைத்தான் கேட்டார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஜெமிமா பேசியதில் எனக்குப் பிடித்தது வெற்றிக்கான நன்றியைவிட, அழுதேன் என்று அத்தனை கேமரா முன்னால் சொன்னதுதான். அழுத நாளிலும் துணை இருந்தது என்கிற விசுவாசம் அது. 24 அடித்த நாளுக்கும் அது போதும்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு இப்போதுதான் வருகிறேன். 1999 ஜனவரி.

அந்த மாதம் 22ஆம் தேதி இரவு, ஒரிசாவில் மனோகர்பூர் என்ற ஊரில், தொழுநோயாளிகளுக்குப் பணி செய்துவந்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது தீ வைத்துக் கொல்லப்பட்டார்கள். பிலிப்புக்கு 10 வயது, தீமோத்திக்கு 6. கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் அவர் மனைவி கிளாடிஸ். நாடு முழுக்கச் சபைகளில் அழுகை. நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். 31ஆம் தேதி ஞாயிறு, அதிகாலை ஆராதனையில் குருவானவர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கும் அது எளிதாக இறங்கவில்லை. எனக்கு இறங்கவே இல்லை. மனசு கல்லாகத்தான் கிடந்தது.

ஆராதனை முடிந்து நேராகச் சேப்பாக்கம் போனேன். டிக்கெட் முன்பே எடுத்தது. பாகிஸ்தானுடன் டெஸ்ட், நாலாம் நாள். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்த அணி அது. அவர்கள் வரக் கூடாதென்று அந்த மாதம்தான் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இந்தியாவுக்கு இலக்கு 271. வெயில் நேராக விழுகிற பக்கத்தில் என் இடம். பக்கத்தில் ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு, மடியில் தூக்குச்சட்டியில் தயிர்சாதம். 82க்கு ஐந்து விக்கெட் போனபோது அவர் சட்டியைத் திறந்தார். "துக்கம்னாலும் வயிறு கேக்குது பாருங்க தம்பி" என்று எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்.

அப்புறம் டெண்டுல்கரும் மோங்கியாவும் ஆடிய ஆட்டம் உங்களுக்குத் தெரியும். முதுகைப் பிடித்துக்கொண்டு டெண்டுல்கர் அடித்தது 136. இன்னும் 17 ஓட்டம்தான் வேண்டும் என்கிறபோது சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார், வாசிம் அக்ரம் பிடித்தார். 254க்கு ஏழு. மீதி மூன்று விக்கெட்டும் நாலே ஓட்டத்தில் போயின. 258. பன்னிரண்டு ஓட்டத்தில் தோல்வி.

அரங்கத்தில் சத்தமே இல்லை. பெரியவர் காலிச் சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வரத் தொடங்கினார்கள். முதலில் எந்தப் பக்கம் கை தட்டினார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் பக்கம் வந்தபோது பெரியவர் சட்டியைக் காலடியில் வைத்துவிட்டு எழுந்தார். "நல்லா ஆடுனாங்கப்பா" என்றார். தட்டினார். நானும் எழுந்தேன். சேப்பாக்கம் முழுக்க எழுந்து நின்றது.

காலையில் பிரசங்கமாகக் கேட்டபோது இறங்காதது சாயங்காலம் கொஞ்சம் இறங்கியது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் திருநீறு பூசியவர். ஒரு மேட்சில் தோற்பதையும் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் மன்னிப்பையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. வைத்தால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் எதிரியை நேசி என்ற கட்டளையை வாழ்நாள் முழுக்க வாயால் சொல்லிவந்த எனக்கு, எழுந்து நின்று கையால் செய்ய வாய்த்த முதல் இடம் ஒரு கிரிக்கெட் மைதானம். அங்கே தோற்றால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம். செலவே இல்லாத அந்த இடத்தில்கூட எதிரணிக்காரனை வாழ்த்த வரவில்லை என்றால், செலவு கேட்கிற இடத்தில் எப்படி வரும்? அந்த ஆண்டு மே மாதமே கார்கில் சண்டை தொடங்கியதும், அந்தக் கைதட்டலை நினைத்து வெட்கப்பட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் வெட்கப்படவில்லை.

இப்போது நம் சபைக்கு வருகிறேன். அசனப் பண்டிகையை ஒட்டி வாலிபர் சங்கம் டென்னிஸ் பால் போட்டி நடத்துகிறது, நோட்டீஸ் பார்த்தேன். முதல் ஆட்டம் காலை ஏழு மணி என்று போட்டிருக்கிறீர்கள், அதை ஆராதனை முடிந்த பிறகு பத்தரைக்கு மாற்றுங்கள். நடுவராகப் பேட்டிங் அணிக்காரனையே நிறுத்துகிற வழக்கம் வேண்டாம். ரன் அவுட் தகராறில் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு நிற்பது இந்த ஊர் முழுக்கத் தெரிந்த கதை. கமிட்டியார் இரண்டு பேர் வெயிலில் இறங்கட்டும். சேகரகுரு ஐயாவே ஒரு ஆட்டத்துக்கு நின்றாலும் சந்தோஷம், லிடில் நின்றார்.

கடைசியாக ஒன்று. இறுதி ஆட்டத்தில் தோற்கிற அணியை அசனத்தில் முதல் பந்தியில் உட்கார வையுங்கள். ஜெயித்தவர்கள் பரிமாறட்டும். கோப்பையை யார் கையில் வேண்டுமானாலும் கொடுங்கள், கறிக்குழம்பு வாளி மட்டும் ஜெயித்த அணி கேப்டன் கையில்தான் இருக்க வேண்டும். ஒப்புக்கொள்வீர்களா என்று கமிட்டியார் இந்தக் கூட்டம் கலைவதற்குள் சொல்லிவிடுங்கள்.